ஸ்கோன் சார்

சேர்வராயன் மலையில் காட்டெருமை கண்ணில் படுவது அவரவர் அதிர்ஷ்டம். ஸ்கோன் சார் கண்ணில் படுவது நிச்சயம். ஏற்காடு ஏரியைத் தாண்டி நாகலூர்ப் பக்கம் போங்கள், மஞ்சக்குட்டைப் பக்கம் போங்கள். காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சிவப்பு ஓடு போட்ட ஒரு வீடு தெரியும். கேட்டில் பெயர்ப் பலகை. பெயருக்குக் கீழே முன்னாள் பதவி. பதவிக்குக் கீழே ‘நாய் ஜாக்கிரதை’. நாயைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஸ்கோன் என்ற சீமை ரொட்டியைத் தின்று தின்று அதற்குக் குரைக்கவே சோம்பல். உள்ளே குரங்குக் குல்லாயும் ஏப்ரனுமாக ஒருவர் நிற்பார். அவர்தான்.

ஒருவர் என்று சொன்னது மரியாதைக்கு. இது ஓர் இனம். வங்கியில் உதவிப் பொது மேலாளராக இருந்தவர், பொதுப்பணித் துறையில் கண்காணிப்புப் பொறியாளராக இருந்தவர், கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவராக இருந்தவர் என்று உட்பிரிவுகள் உண்டு. மனை மலிவாகக் கிடைத்த காலத்தில் யாரோ சொல்லி வாங்கிப் போட்டிருப்பார். ஓய்வு பெற்றதும், “சேலத்து வெயில் ஆகலை” என்று மலையேறிவிடுவார். முதல் குளிர்காலம் பைனாகுலரோடு பறவை பார்ப்பதில் போகும். இரண்டாவது குளிர்காலம் தேனீப் பெட்டி. தேனீக்கள் அவருடைய மேற்பார்வை தாங்காமல் ஒருநாள் காலை மொத்தமாகக் குடித்தனத்தைக் காலி செய்துகொண்டு போய்விடும். மூன்றாவது குளிர்காலத்தில் அவன் வரும்.

அவன் என்றால் நாற்பத்திரண்டு லிட்டர் ஓ.டி.ஜி. மின் அடுப்பு. சேலத்தில் வாங்கி, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே வந்து சேரும். கார் ஓட்டுவது சார். கண்ணாடிக் கதவு ஆடாமல் பின் சீட்டில் கட்டிப்பிடித்துக்கொண்டு வருவது அம்மா, அதாவது சாரின் மனைவி. “இன்னும் எத்தனை வளைவுங்க?” என்று அந்த அம்மா கேட்பதற்கும் ஓர் அர்த்தம் இருக்கிறது. அவருடைய மடியில், அவருடைய சமையலறையின் புதிய எஜமானர் உட்கார்ந்திருக்கிறார்.

கீழே இருந்த காலத்தில் சார் சமையலறைக்குள் எட்டிப் பார்த்ததற்கு இரண்டே காரணங்கள். காப்பி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்க ஒரு தடவை. வந்த காப்பியில் சர்க்கரை ஏன் குறைவு என்று கேட்க ஒரு தடவை. உப்பு டப்பா எது என்று யாராவது கேட்டால், “அது உன் டிபார்ட்மெண்ட்” என்று மனைவியைக் காட்டுவார். அப்படிப்பட்டவருக்கு இந்த ஞானம் எங்கே வந்தது என்றால், மகளின் பிரசவத்துக்காக இங்கிலாந்து போயிருந்தபோது வந்தது. மாப்பிள்ளை டெவன் பக்கம் ஒரு டீக்கடைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஸ்கோனைப் பிளந்து முதலில் கிரீம், மேலே ஜாம். பக்கத்து மாவட்டமான கார்ன்வாலுக்குப் போனால் முதலில் ஜாம், மேலே கிரீம். இரண்டு ஊர்க்காரர்களும் இதற்காக முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று மாப்பிள்ளை விளக்கினார். வடகலை தென்கலை நாமச் சண்டை பார்த்து வளர்ந்தவருக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அன்றே டெவன் கட்சியில் சேர்ந்தார்.

மலைக்குத் திரும்பியதும் அந்தக் கட்சிக்கு ஒரு வரலாறும் தயார். “இது நம்ம மலைக்குப் புதுசு இல்லைங்க. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் இங்க காப்பிச் செடி கொண்டுவந்தாரே, அவர் சாயங்காலம் என்ன சாப்பிட்டிருப்பாரு? ஸ்கோன்தான்!” ஆதாரம் கேட்காதீர்கள். காக்பர்ன் காப்பி கொண்டுவந்தது நிஜம். நாலு மணிக்கு அவர் வாயில் என்ன போட்டுக்கொண்டார் என்று எந்த கெஜட்டியரும் சொல்லவில்லை. அவர் காலத்தில் பேக்கிங் பவுடரே கிடையாது. ஆல்பிரட் பேர்ட் என்ற பர்மிங்காம் மருந்துக்கடைக்காரர் அதைக் கண்டுபிடித்தது 1843இல். ஸ்காட்லாந்தில் அதற்கு முன் ஸ்கோன் என்று தின்றது, ஓட்ஸ் மாவைத் தட்டிக் கல்லில் சுட்ட ஒரு வகைத் தடித்த அடை. காக்பர்ன் அதைத் தின்றிருந்தால் சாருக்குத்தான் அவமானம்.

இந்த பேர்ட் கதையைச் சார் விருந்தாளிகளுக்கு விரிவாகச் சொல்வார். பேர்டின் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அதனால் ஈஸ்ட் இல்லாமல் மாவு உப்புவதற்கு வழி கண்டுபிடித்தார். முட்டையும் ஒத்துக்கொள்ளாது, அதனால் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரையும் கண்டுபிடித்தார். கதை முடிகிற இடத்தில் உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் ஒரு கணம் நிற்கும். “கேட்டுக்கோங்க. அந்த மனுஷன் பொண்டாட்டிக்காகக் கண்டுபிடிச்சிருக்காரு” என்று ஒரு குரல் வரும். சத்தம் மறுபடி தொடரும்.

ஓய்வு பெற்ற ஆராய்ச்சியாளர்கள் ஏற்காட்டுக்குப் புதியவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பாதிரியார் பீட்டர் பெர்சிவல் 1882இல் இங்கேதான் காலமானார். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்ததை நிலைநாட்டிய நிலவியலாளர். அவருக்கும் ஏற்காட்டில் வீடு இருந்தது. ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் நினைவுச் சின்னமும் இருக்கிறது. சாருடைய முதல் ஈடு ஸ்கோன் அவர் கையில் கிடைத்திருந்தால், சந்தேகமே இல்லாமல் சீட்டு ஒட்டி மியூசியத்துக்கு அனுப்பியிருப்பார். மாமனார் ‘ஆடத் தெரியாதவளுக்கு’ என்று ஒரு பழமொழியைத் தொடங்கியிருப்பார்.

ஏனென்றால் அந்த முதல் ஈட்டின் போது, சார் குற்றத்தை மலையின் மேல் போட்டார். “நாம 1,500 மீட்டர் உயரத்துல இருக்கோம். இங்க தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சிடும். காத்தழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடர்ல இருந்து வர்ற வாயு சீக்கிரம் விரிஞ்சு, மாவு பொசுக்குனு எழும்பி அமுங்கிடுது. அளவைக் குறைக்கணும்.” சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அந்த ஸ்கோன் எழும்பவும் இல்லை, அமுங்கவும் இல்லை. வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. சப்பாத்தி மாவு மாதிரி கால் மணி நேரம் அடித்துப் பிசைந்தால் மைதா ரப்பராகத்தான் ஆகும். அம்மா இதையெல்லாம் கதவோரம் நின்று பார்த்தார். மலைக்கு வந்த முதல் நாளே துவரம் பருப்புக்கு இரண்டு விசில் கூட வைத்தவர் அவர். அதற்காக அவர் யாரையும் உட்கார வைத்து வளிமண்டலம் பற்றிப் பேசவில்லை.

வேலை உண்மையில் எளிது. 250 கிராம் மைதா, 3 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 50 கிராம் சர்க்கரை, துளி உப்பு. 75 கிராம் வெண்ணெயை ஜில்லென்று துண்டு போட்டு மாவில் விரல் நுனியால் பிசிற வேண்டும். உள்ளங்கை பட்டால் வெண்ணெய் உருகிவிடும். உருகாத அந்தச் சின்னத் துணுக்குகள்தான் அவனுக்குள் போய் உருகி, அவற்றிலுள்ள நீர் ஆவியாகி, உள்ளே அடுக்கு அடுக்காக இடம் விட்டுப் போகும். பிறகு குளிர்ந்த பால் சிறிது சிறிதாக விட்டு, ஒன்று சேர்ந்தால் போதும் என்று கை எடுத்துவிட வேண்டும். வட்டமாகத் தட்டி, கத்தியை நேராக இறக்கி எட்டாக வெட்டி, 200 டிகிரியில் கால் மணி நேரம்.

இதில் ‘பிசிறுவது’ என்ற கட்டத்தில் சார் மாதக்கணக்கில் நின்றார். புத்தகம் ரொட்டித் தூள் பதம் என்கிறது. ரொட்டித் தூளை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. கட்லெட்டின் மேல் ஒட்டியிருந்ததைத் தின்றதோடு சரி. ஒருநாள் அம்மா பொறுக்க மாட்டாமல் உள்ளே வந்து, பாத்திரத்திலிருந்து ஒரு பிடி எடுத்து அழுத்தினார். உருண்டையாக நின்றது. கட்டை விரலால் தட்டினார். உதிர்ந்தது. “புட்டு மாவுப் பதம்ங்க. இதுக்கா இத்தனை நாளு?” தீபாவளிக்குத் தீபாவளி தட்டைக்கும் முறுக்குக்கும் வெண்ணெய் பிசிறிய கை அது. அன்று வந்த ஈடு முதல்முறையாகப் பிளந்தது. மறுநாள் காலை நடையில் சார் நண்பர்களிடம், “ஒரு டெக்னிக் கண்டுபிடிச்சிருக்கேன்” என்று ஆரம்பித்தார்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்கோன் செய்ய ஏற்காடு நல்ல இடம்தான். சித்திரை மாதத்து சேலத்தில் வெண்ணெயைத் துண்டு போடுவதற்குள் அது நெய்யாகும் யோசனையில் இறங்கிவிடும். மேலே பனி மூட்டத்தில் கைவிரலே ஐஸ் மாதிரி இருக்கும். சார் தம் கைப்பக்குவம் என்று சொல்லிக்கொள்வதில் பாதி, மலையின் பக்குவம்.

அடுத்து ஆரஞ்சு. ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு ஆரஞ்சு போடாமல் ஸ்கோனா? சார் வீட்டுக்கு யார் போனாலும் தட்டை நீட்டும்போதே, “எங்க மலை ஆரஞ்சு” என்று அறிவிப்பு வரும். மேசையில் கூடை நிறையப் பழமும் இருக்கும். கூர்ந்து பார்த்தால் பழத்தின் முதுகில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர், அதில் எகிப்து.

இதற்கும் காரணம் உண்டு. சாரை முழுக்கப் பழிக்க முடியாது. காப்பிச் செடிகளுக்கு நடுவே ஊடுபயிராக வளரும் மலை ஆரஞ்சு கமலா வகை. தோல் தொளதொளவென்று சதையை விட்டு விலகி நிற்கும். உரிப்பதற்குச் சுகம், துருவுவதற்குக் கஷ்டம். துருவியில் வைத்து இழுத்தால் பள்ளம் விழும். அல்லது விரல் துருவப்படும். ஸ்கோனுக்கு வேண்டிய வாசனை சாற்றில் இல்லை. மேல் தோலின் எண்ணெயில்தான் இருக்கிறது. அதனால் தோல் கெட்டியாக ஒட்டிய பழத்தைத் தேடிச் சார் சேலம் லீ பஜாருக்கு இறங்கினார். மெழுகு பூசி, கப்பலேறி வந்த பழம். வெந்நீரில் தேய்த்துக் கழுவினால் மெழுகு போகும். கூடவே வாசமும் பாதி போகும். மலை ஆரஞ்சுக்குப் புகழ் பெற்ற மலைக்கு, கீழேயிருந்து ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு போகும் ஒரே ஆள் இந்த இனத்துக்காரர்தான்.

இதற்கும் விடை பின்கட்டிலிருந்துதான் வந்தது. உப்பில் ஊறப் போட வைத்திருந்த நார்த்தங்காய் ஒன்றை அம்மா எடுத்துக் கொடுத்தார். தடித்த தோல், கரடுமுரடு, நகம் பட்டாலே வீடு மணக்கும். பச்சையை மட்டும் மேலாகத் துருவி, வெள்ளைச் சதை வராமல் பார்த்துக்கொண்டு, அதைச் சர்க்கரையில் போட்டு விரலால் கசக்கினால் சர்க்கரை ஈர மணலாகும். அந்தச் சர்க்கரைதான் மாவில் சேர வேண்டும். கமலா ஆரஞ்சின் சாறு மேல் பூச்சுக்கு. இந்த ஏற்பாடு அபாரமானது என்பது என் கட்சி. இங்கிலீஷ்காரர்கள் இதைத் தின்றால் டெவனும் கார்ன்வாலும் சமாதானமாகிவிடும்.

மேல் பூச்சுதான் ‘கிளேஸ்’. அது இல்லாமல் சார் எதையும் வெளியே விடமாட்டார். பொடித்த சர்க்கரை ஒரு கப், ஆரஞ்சுச் சாறு இரண்டு மேசைக்கரண்டி. கரண்டியிலிருந்து நாடாவாக இறங்கி, இறங்கிய தடம் கொஞ்ச நேரம் நின்று மறைய வேண்டும். சுடச்சுட ஊற்றினால் வழிந்து தட்டில் குளமாகும். ஆறிய பிறகு ஊற்ற வேண்டும். ஏற்காட்டில் ஆறவைப்பதில் சிக்கல் இல்லை, காயவைப்பதில்தான் சிக்கல். கார்த்திகை மாதத்து மூடுபனி ஜன்னல் வழியே வீட்டுக்குள் நடந்து வரும்போது, பூசிய பூச்சு ராத்திரி வரை பிசுபிசுவென்றுதான் இருக்கும். வெயில் தெரிகிறதே என்று ஒருநாள் தட்டை வராந்தாத் திட்டில் வைத்தார். குரங்கு வந்தது. ஒன்றை எடுத்தது. திருப்பிப் பார்த்தது. மேலிருந்த பூச்சைச் சுத்தமாக நக்கியது. மிச்சத்தைத் திட்டிலேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தது. எட்டையும் அப்படியே முடித்துவிட்டுப் போனது. சாருக்கு ஸ்கோன் போன துக்கம் இல்லை. அது திருப்பி வைத்த அவமானம்தான் இன்னும் ஆறவில்லை.

மழைக்காலத்தில் இன்னொரு கண்டம். எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்து, ஸ்கோன் பாதி வேகும்போது கரண்ட் போகும். சார் உடனே மின் அலுவலகத்துக்குப் போன் போடுவார்.

“சார், அவன் உள்ள எட்டு பாதியில நிக்குதுங்க.”

“எவன் உள்ள சார்? லிஃப்ட்டா?”

“ஸ்கோன்.”

“பேரைச் சொல்லுங்க சார். ஆள் மயக்கமாயிட்டாரா?”

லைன்மேன் ஏணியோடு ஓடி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஒரு டீ குடித்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

விருந்தாளியின் கதிதான் பரிதாபம். பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், கிளியூர் அருவி என்று சுற்றிவிட்டு, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்று, வந்த கடமைக்கு எட்டிப் பார்த்துப் போகலாம் என்று நுழைவார்கள். தட்டு வரும். தட்டோடு கேள்வித்தாளும் வரும். “முதல்ல மோந்து பாருங்க. என்ன தெரியுது?” பஜ்ஜி தின்ற மூக்குக்கு என்ன தெரியும்? “நல்லா இருக்கு சார்” என்பது இவரிடம் செல்லாது; தணிக்கை அறிக்கையில் ‘நன்று’ என்று எழுதி ஒப்பேற்றிய கிளை மேலாளர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவர். “நல்லான்னா? அடுக்கு தெரியுதா? கிளேஸ் பல்லுல ஒட்டுதா, உடையுதா?” கூட வந்த குழந்தை மட்டும் தைரியமாக, “இது பன்னா அங்கிள், பிஸ்கட்டா?” என்று கேட்கும். அந்தக் குழந்தை அந்த வீட்டுக்கு மறுபடி அழைக்கப்படாது.

நியூ ஜெர்சியிலிருந்து வந்த தம்பி மகன் ஒருவன் இன்னும் மோசம் பண்ணினான். “பெரியப்பா, முக்கோணமா வெட்டி மேல கிளேஸ் ஊத்துறது அமெரிக்கன் ஸ்டைல். இங்கிலீஷ் ஸ்கோன் வட்டமா, மேல ஒண்ணும் இல்லாம இருக்கும்.” சார் முகம் கறுத்துவிட்டது. இத்தனை நாள் காக்பர்ன் பெயரைச் சொல்லி விற்றது வேறு தேசத்துச் சரக்கா? அன்று ராத்திரி முழுக்கப் புத்தகம் புரட்டினார். மறுநாள் காலை, ஸ்காட்லாந்தில் வட்ட அடையை நாலாக வெட்டி முக்கோணமாகத்தான் சுட்டார்கள் என்ற செய்தியோடு தம்பி மகனை எழுப்பினார். பூச்சைப் பற்றி அவன் கேட்டபோது, “பல்லு தேய்ச்சிட்டு வா” என்று சொல்லிவிட்டார்.

என்னைக் கேட்டால் இந்த மலையில் சரியான விமர்சகர் வாட்ச்மேன்தான். பக்கத்து மலைக் கிராமத்துக்காரர். மே மாதம் சேர்வராயன் கோவில் திருவிழாவுக்கு லீவு கேட்பதைத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்காதவர். மிச்ச ஸ்கோன்களெல்லாம் அவருக்குத்தான் போகும். ஒருநாள் சார் அவரையும் விடவில்லை.

“எப்படிய்யா இருந்துச்சு?”

“ராகிக் களிக்கு ஆகாதுங்க சார். காப்பிக்கு ஆகும்.”

சார் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் அதிலிருந்து டீக்குப் பதிலாக எஸ்டேட் காப்பியோடு பரிமாறத் தொடங்கினார். அது சரியான திருத்தம்.

குறிப்பேடு என்றேனே, அதுவும் இருக்கிறது. நீள் கோட்டு நோட்டு, பக்க எண், தேதி, ஈடு எண், அவன் வெப்பம், வெளி வெப்பம், ஈரப்பதம், ‘குறைபாடுகள்’, ‘எடுத்த நடவடிக்கை’. கடைசிப் பத்தியில் ‘மேலொப்பம்’ என்று போட்டு அவரே கையெழுத்திட்டிருக்கிறார். புரட்டிப் பார்த்தால், பிசிறும் பதம் மாறிய நாள், நார்த்தங்காய் நுழைந்த நாள் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. யோசனை யாருடையது என்ற கட்டம் மட்டும் அந்தப் படிவத்தில் இல்லை.

ஏற்காட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சார் கூப்பிட்டால் போங்கள், பயப்பட வேண்டாம். இப்போதெல்லாம் அந்த ஸ்கோன் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. வெறும் வயிற்றோடு நாலு மணிக்குப் போங்கள், பஜ்ஜியைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்கோனைச் சார் முன்னால் தின்று, கேட்ட கேள்விக்கு “நார்த்தங்காய் வாசம்” என்று பதில் சொல்லுங்கள், பாஸ் போட்டுவிடுவார். இரண்டாவதைத் தட்டோடு எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், அம்மாவிடம் செய்முறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.